பத்து மணித் தண்ணீர்

காலை பத்து மணி ஆனதும் தண்ணி டாக்டர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார்.

அந்த இறால் பண்ணையில் ஆறு குளங்கள், பதினெட்டு வேலையாட்கள், மூன்று நாய்கள். கோட்டு அவர் ஒருவருக்குத்தான். முதலாளியே கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுச் சேற்றில் நடக்கிற இடத்தில், இவர் மட்டும் இடது பையில் நான்கு சொட்டு மருந்து பாட்டில்களும் வலது பையில் வண்ண அட்டையுமாக, ஆபரேஷனுக்குக் கிளம்பியவர் மாதிரி குளக்கரையில் நடந்து போவார். கோட்டின் வயிற்றுப் பக்கம் அமிலம் பட்டுப் பொத்தல் விழுந்திருக்கும். யாராவது அதை உற்றுப் பார்த்தால், "அது ஒரு ஆராய்ச்சி பண்றப்போ நடந்தது" என்பார். ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் கூடத்தில் குடுவை கழுவுகிற வேலையில் இருந்தபோது கை வழுக்கி ஒரு குடுவை உடைந்தது. ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தை மூடியபோது அவர் கோட்டோடு வெளியே வந்தார். இறால் பண்ணை முதலாளி, "தண்ணியைச் சோதிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "அதுதானே என் தொழில்" என்றார் இவர். மறுநாள் சோதனைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத் தாளை மூன்று முறை படித்தார். தொழில் கைக்கு வந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவருடைய பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், தண்ணி டாக்டர் என்பது மட்டும் நின்றது. கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். எந்தப் பாதி என்று அவர் விசாரிக்கவில்லை.

ஒவ்வொரு குளத்திலும் கரையிலிருந்து மூன்று எட்டு நீளத்துக்கு ஒரு மரப்பலகை தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே காற்றுச் சக்கரம் சுழன்று தண்ணீரை அடித்து நுரையாக்கும். இவர் பலகையில் குந்தி உட்கார்ந்து, கை எட்டுகிற தூரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை முக்கி எடுப்பார். சொட்டு விடுவார். குலுக்குவார். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்குவார். பிறகு அலுவலக வாசலில் இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். அம்மோனியா: பூஜ்யம். ஆக்சிஜன்: மிக நன்று. பார்க்க வருகிறவர்களை முதலாளி முதலில் கூட்டிப் போவது அந்தக் கரும்பலகைக்குத்தான். குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கால் சேறாகும்.

எழுதியது ஒன்றும் பொய் இல்லை. அதுதான் கொடுமை. வெயில் ஏறி, தண்ணீரிலிருக்கும் பாசி அதைக் குடித்து ஆக்சிஜனை வாரி வழங்குகிற நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. சக்கரத்தின் பக்கத்தில் காற்று கலக்காத தண்ணீர் கிடைக்காது. மேல்மட்டத்தில் கழிவும் இருக்காது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பத்துக்கு நற்சான்றிதழ் கொடுப்பது போல, ஆறு வருடமாக அவர் குளத்தின் மிக அழகான முகத்தை, அது மிக அழகாக இருக்கும் நேரத்தில் மட்டுமே பார்த்துவந்தார். இறால் வாழ்வது அடியில். அங்கே கஷ்டகாலம் விடிவதற்கு முன்னால்.

குளத்தின் நடுவுக்குப் போய் அடித்தண்ணீரை எடுக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். தண்ணி டாக்டருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏழு வயதில் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தவர். அன்றிலிருந்து குளிக்கும்போதுகூடக் கண்ணை மூடமாட்டார், வாளி பின்பக்கமாக வந்துவிடுமோ என்று. இது பண்ணையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மனைவி.

மனைவிக்கும் அதே பண்ணையில்தான் வேலை. தெர்மாகோல் கட்டைகளைக் கட்டிச் செய்த மிதவையில் ஏறி, கழி ஊன்றிக் குளத்துக்குள் போவாள். அங்கங்கே கயிற்றில் தொங்கும் வலைத்தட்டுகளைத் தூக்கிப் பார்ப்பாள். போட்ட தீனியில் எவ்வளவு தின்றிருக்கிறது, தட்டில் ஏறிய இறால்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. தட்டக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கோட்டு கிடையாது, கரும்பலகை கிடையாது. கண்ணாடி மாதிரியிருக்கும் இறாலின் முதுகு வழியாக ஓடும் குடல் கோடு நிறைந்திருக்கிறதா, அறுந்து அறுந்து இருக்கிறதா என்று பார்ப்பாள். ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுக்கூடம்.

இருவரும் குடியிருந்தது தீனிக் கிடங்குக்குப் பின்னாலிருந்த தகரக் கூரை அறையில். தலையணையில்கூடத் தீனி நாற்றம் அடிக்கும். பண்ணை வாசலையொட்டி மேலாளர் வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, உள்ளேயே குழாய், கிழக்கே பார்த்த ஜன்னல். முதலாளி மூன்றாம் குளத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

"டாக்டர், இந்த மூணாம் குளம் முழுசா உன் பொறுப்பு. அறுவடை நல்லபடியா வந்துட்டா நீதான் மேலாளர். வீட்டுச் சாவி உன் கையில."

அன்றே மனைவி அந்த ஜன்னலை முழம் போட்டு அளந்துவிட்டு வந்தாள். நீலப்பூப் போட்ட திரைத்துணி ஒன்று வாங்கி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். "வீடு கிடைக்கட்டும், அப்புறம் தைக்கலாம்" என்றாள். ஆனால் ஓரம் மடித்து ஊசி குத்தி வைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பவுடர் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. இதற்கு முன்னால் கோழிக்குப் பலம் விற்றவர், அதற்கும் முன்னால் மனிதர்களுக்குத் தலைமுடி விற்றவர். இப்போது இறாலுக்கு எதிர்ப்புச் சக்தி விற்க வந்திருந்தார். டப்பாவில் ஓர் இறால் கேடயம் பிடித்து நின்றுகொண்டிருந்தது.

"மாமா, இதைத் தீனியில கலந்து போடுங்க. எந்த நோயும் கிட்ட வராது. அப்புறம் திங்கட்கிழமை இந்தக் கிருமிநாசினி. புதன்கிழமை இந்த நல்ல பாக்டீரியா. திரும்ப வெள்ளிக்கிழமை கிருமிநாசினி."

"புதன்கிழமை விடற நல்ல பாக்டீரியாவை வெள்ளிக்கிழமை மருந்து கொன்னுடாதா?" என்று தட்டக்கா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அதுக்குத்தான்க்கா மறுபடியும் புதன்கிழமை விடறோம்" என்றார் மாப்பிள்ளை. பாக்டீரியாக்களை விருந்துக்கு அழைத்து வாசலிலேயே வெட்டிப்போடுகிற இந்தத் திட்டம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதையாவது செய்துகொண்டே இருப்பது போல ஒரு திருப்தி அதில் இருந்தது.

பவுடரால் பலம் வந்த இறால் நிறையத் தின்னும் என்று தீனியையும் கூட்டச் சொன்னார் மாப்பிள்ளை. கூட்டினார்கள். அதே நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டு நான்கு நாள் வெயிலே காட்டவில்லை. வெயில் இல்லையென்றால் பாசி ஆக்சிஜன் தராது. ராத்திரியில் இருக்கிறதையும் அதுவே இழுத்துக்கொள்ளும். தின்னாத தீனி அடியில் இறங்கி அழுகும். சக்கரம் தண்ணீரைச் சுழற்றும்போது அந்த அழுகல் எல்லாம் குளத்தின் நடுவில் போய்க் குவியும். இது எதுவும் கரும்பலகைக்குத் தெரியாது. அம்மோனியா: பூஜ்யம்.

நான்காம் நாள் மத்தியானம் மனைவி கையில் மூன்றாம் குளத்து இறால் ஒன்றோடு அறைக்கு வந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க பாருங்க."

"சாப்பிடற நேரத்துல எதுக்கு இதை உள்ள கொண்டுவர்றே?"

"பாருங்கன்னா பாருங்க. மீசை சிவந்திருக்கு. குடல் காலி. ஓட்டைத் தொடுங்க, வேகவெச்ச உருளைக்கிழங்குத் தோல் மாதிரி இருக்கு." வாலடியில் ஊசியால் லேசாகக் குத்தினாள். நீலம் பாய்ந்த ஒரு சொட்டு வெளியே வந்தது. "எண்ணுங்க."

"எதை?"

"ஒண்ணு ரெண்டுதான். அதுக்கும் தாள் படிக்கணுமா?"

அவர் எண்ணினார். நல்ல இறாலின் ரத்தம் பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் கூழ் மாதிரி உறைந்துவிடும். இது நாற்பது எண்ணியும் தண்ணீராகவே அவள் விரலில் வழிந்துகொண்டிருந்தது.

அவருக்கு விளக்கத் தாளில் படித்தது ஞாபகம் வந்தது. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்து அடுத்தமுறை அடையாளம் கண்டு விரட்டுகிற உடம்பு நமக்கு உண்டு, இறாலுக்குக் கிடையாது. அதற்கு ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவல் அணுக்கள்தான் எல்லாம். ரத்தத்தை உறையவைப்பதும் அவைதான், கிருமியைப் பிடித்து விழுங்குவதும் அவைதான். ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியா ஏறினால், இறால் மூச்சுவிடுவதற்கே உடம்பிலிருக்கும் பலத்தையெல்லாம் செலவழிக்கும். காவல் அணுக்கள் குறைந்துபோகும். கிருமி எங்கிருந்தோ படையெடுத்து வர வேண்டியதில்லை. அதே தண்ணீரில் அது எப்போதும் இருக்கிறது, காவல் தளரும்வரை பொறுமையாக.

தெரிந்ததெல்லாம் தெரிந்தும் வாய் வேறு மாதிரி பேசியது. "நான் காலையிலதானே பார்த்தேன். போர்டுல பூஜ்யம்."

"போர்டுலயா இறால் இருக்கு?"

"ஆறு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

"ஆறு வருஷமா அந்தப் பலகையைப் பார்க்கறீங்க. பலகைக்கு ஒரு நோயும் இல்ல, நல்லா இருக்கு." அவள் இறாலை இலேசாக அவர் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நாளைக்கு விடியறதுக்குள்ள என்கூட மிதவைல வாங்க. நடுவுல, அடியில எடுங்க. அதுக்கப்புறமும் பூஜ்யம் வந்தா நான் வாயைத் திறக்கல."

"வீடு போயிடும்டி" என்றார் அவர், மெல்ல.

"குளம் போனா மட்டும் வீடு வருமா? ஜன்னலை அளந்தவ நான். எனக்கில்லாத ஆசையா உங்களுக்கு?"

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தண்ணி டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குளத்துக்குள் போனார். கோட்டைப் போட்டுக்கொண்டுதான். மிதவையில் மண்டியிட்டு, மனைவியின் தோளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தோளை விடுங்க. நான் கழி ஊன்றதா, உங்களைச் சுமக்கறதா?"

"ஆழம் எவ்வளவு?"

"உங்க கழுத்து வரைக்கும்."

"அப்ப தலை வெளியில இருக்கும்."

"நின்னா இருக்கும். நீங்க எங்க நிக்கப் போறீங்க, விழறதுக்கு முன்னாலயே மயங்கிடுவீங்க."

மூன்றாம் குளத்தின் நடுவில் கழியை ஊன்றி மிதவையை நிறுத்தினாள். ஒரு பாட்டிலின் கழுத்தில் கல்லைக் கட்டி, மூடியில் தனியாக ஒரு நூலைக் கட்டி அவளே தயார் செய்திருந்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலை இறக்கினார். தரை தட்டியதும் நூலை இழுத்தார். குமிழ் வந்தது. மேலே தூக்கியபோது பாட்டிலுக்குள் இருந்தது தண்ணீரா, சாக்கடையா என்று சொல்ல முடியவில்லை. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அறைந்தது.

தெளிந்ததும் அம்மோனியாச் சோதனைச் சொட்டு விட்டார். மஞ்சளாகவே பார்த்துப் பழகிய அவர் கண்முன்னால் அது பச்சையாகி, கரும்பச்சையாகி, அட்டையில் அச்சடித்திருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் போயிற்று. அந்தக் கடைசிக் கட்டத்தை அவர் அச்சுப்பிழை என்று நினைத்திருந்தார். ஆக்சிஜனைப் பார்த்தால், பலகையில் கிடைக்கும் அளவில் கால்வாசி.

பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சீக்கிரம் கரைக்கு விடு" என்றார். அவர் கை அப்போது அவள் தோளில் இல்லை.

அலுவலக வாசலில் முதலாளியும் பவுடர் மாப்பிள்ளையும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நேராகப் போய்க் கரும்பலகையில் பூஜ்யத்தை அழித்துவிட்டுப் புது அளவை எழுதினார். முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது? நேத்து பூஜ்யம், இன்னைக்கு இப்படி. ஒரே ராத்திரியில குளம் கெட்டுப்போச்சா?"

"ஒரே ராத்திரியில இல்லீங்க. கொஞ்ச நாளாவே கெட்டுத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கல."

"பார்க்கலையா? தினமும் கோட்டு போட்டுக்கிட்டு எங்க போனே?"

"பலகைக்கு." அவர் கோட்டுப் பொத்தலைத் தடவிக்கொண்டார். "நடுக்குளத்துத் தண்ணியை இதுவரைக்கும் நான் எடுத்ததே இல்லீங்க. எனக்குத் தண்ணின்னா பயம்."

மாப்பிள்ளை டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தார். "தண்ணி டாக்டருக்குத் தண்ணின்னா பயம்! மாமா, இது பல் டாக்டர் வாயைத் திறக்காதேன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

சரியான கிண்டல்தான்.

"பதறாதீங்க மாமா. எதிர்ப்புச் சக்தி போதல, அவ்வளவுதான். பவுடரை ரெண்டு பங்காக்கிடலாம்."

"எந்த வாய்ல போடுவீங்க?" தட்டக்கா பின்னால் வந்து நின்றிருந்தாள். கையிலிருந்த வலைத்தட்டை மேஜைமேல் வைத்தாள். போட்ட தீனி அப்படியே ஊறிக் கிடந்தது. "உங்க பவுடர் முழுக்க இதுலதான் இருக்கு. அது தின்னவே இல்ல. மூச்சு முட்டறவன்கிட்ட சத்து மாத்திரையை நீட்டினா வாங்குவானா? முதலாளி, கரைக்கு வந்து பாருங்க. எல்லாம் ஓரத்துக்கு வந்து நிக்குது."

முதலாளி போனார். வரிசை வரிசையாக இறால்கள் கரையோரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தன. தண்ணீரில் காலை வைத்தால்கூட ஓடவில்லை. ஆறு வருடக் கரும்பலகையில் இல்லாத செய்தி அதில் இருந்தது. முதலாளி ரொம்பக் கெட்ட வார்த்தை ஒன்றை, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார். பிறகு, "சொல்லித் தொலை, என்ன செய்யணும்?" என்றார்.

அன்று தீனி நின்றது. பவுடர் நின்றது. கிருமிநாசினி நின்றது. நடுவிலிருந்த வடிகுழாயைத் திறந்து கறுப்புச் சகதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினார்கள். தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியே இறாலைக் கொன்றுவிடும் என்பதால் நாளுக்குக் கொஞ்சமாக மாற்றினார்கள். சக்கரங்களை ராத்திரி முழுக்க ஓடவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு செத்து மிதந்தது. மற்றது தேறியது. ஒன்பதாம் நாள் மனைவி ஓர் இறாலைக் குத்திக் காட்டினாள். பதினான்கு எண்ணும்போது சொட்டு உறைந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு, ஏதோ குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது போலச் சிரித்தார்கள்.

அறுவடையன்று பவுடர் மாப்பிள்ளை கைபேசியோடு வந்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"பார்த்தீங்களா மாமா? நம்ம பவுடர் உள்ள போயிருந்ததாலதான் இவ்வளவாவது பிழைச்சுது. டாக்டர், கோட்டைப் போட்டுக்கிட்டு இந்த டப்பாவைப் பிடிங்க. ‘நான் பரிந்துரைக்கிறேன்’னு ஒரு பேனர் அடிச்சிடலாம்."

முதலாளி சாவிக்கொத்தை விரலில் சுழற்றினார். "பிடிச்சுட்டுப் போயேன்யா. நடந்ததை நான் மறந்துடறேன். வீடும் உனக்குத்தான்."

தண்ணி டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் வலைத்தட்டின் கண்ணியில் சிக்கியிருந்த ஒரு பாசியை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தாள். உதவி செய்கிற எண்ணமே இல்லை.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். வலது கையில் டப்பாவைப் பிடித்தார். இடது கையில், அன்று நடுக்குளத்தில் எடுத்து இறுக்கி மூடி வைத்திருந்த பாட்டிலை எடுத்து, பல்லால் மூடியைத் திறந்தார்.

"ரெண்டும் படத்துல வரட்டும். எதைப் போட்டா எது வரும்னு பார்க்கறவங்களுக்குத் தெரியணுமே."

நாற்றத்தில் மாப்பிள்ளை ஒரு படம் எடுத்ததோடு கரை தாண்டி ஓடினார். முதலாளி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி நடந்தார்.

மேலாளர் பதவியும் வீடும் பவுடர் மாப்பிள்ளைக்குப் போயின. பேனரும் வந்தது. அந்த ஒரே படத்தைத் தலையும் இடது கையும் இல்லாமல் வெட்டியிருந்தார்கள். வெறும் கோட்டும் டப்பாவும். பொத்தல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பார்த்த அன்று அவர் கோட்டை மிதவை துடைக்கிற துணியாக்கிவிட்டார்.

வாசல் கரும்பலகையில் புது மேலாளர் பத்து மணித் தண்ணீரை எழுதவைக்கிறார். பூஜ்யம், மிக நன்று. பார்க்க வருகிறவர்கள் தலையாட்டுகிறார்கள். கிடங்குக்குப் பின்னால் தகரச் சுவரில் விடியற்காலை அடித்தண்ணீரின் அளவு தினமும் எழுதப்படுகிறது. வேலையாட்கள் அதைப் பார்த்துத்தான் தீனி போடுகிறார்கள். முதலாளியும் தினமும் காலையில், நாய்களுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று பார்க்கும் சாக்கில், அந்தப் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார்.

மிதவையில் இப்போதும் அவர் மண்டியிட்டுத்தான் உட்காருகிறார். மனைவி அவர் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றி, மறுமுனையை மிதவைக் கட்டையில் முடிந்து வைக்கிறாள். நீலப்பூப் போட்ட துணி. ஓரம் மடித்துப் பாதி தைத்தது.

"இறுக்கமா கட்டு."

"ஜன்னலுக்கு வாங்கினது, எவ்வளவு தாங்குமோ. ரெண்டு கண்ணையும் திறங்க டாக்டரே, நடுக்குளம் வந்துடுச்சு."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பாட்டிலை இறக்கினார்.